லித்தியம் போய்த் திரும்பும் வழி: மின்கலத்தின் உள்ளே நடப்பது என்ன?

ஒரு கைபேசியின் பேட்டரியில் 5000 மில்லிஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருந்தால், அது நிரம்பிய நிலையிலிருந்து முழுவதும் தீர்வதற்குள் உள்ளே இடம் மாறும் லித்தியத்தின் எடை எவ்வளவு என்பதைப் பள்ளிக் கணக்கிலேயே கண்டுபிடித்துவிடலாம். ஃபாரடேயின் விதிப்படி 6.94 கிராம் லித்தியம் அயனியாக மாறும்போது 96,485 கூலோம், அதாவது 26.8 ஆம்பியர்-மணி மின்னூட்டம் கிடைக்கும். அந்த விகிதத்தில் 5 ஆம்பியர்-மணிக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 1.3 கிராம் லித்தியம்தான். ஆனால் அந்தப் பேட்டரியைத் தராசில் வைத்தால் 60, 70 கிராம் காட்டும். உழைக்கும் பொருள் 1.3 கிராம், எஞ்சிய எடை முழுவதும் அது பத்திரமாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போய், மறுநாள் அதே பத்திரத்தோடு திரும்பி வருவதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு.

மின்கலம் பற்றிய செய்திகள் பெரும்பாலும் எவ்வளவு ஆற்றலைச் சேமிக்கலாம் என்பதையே பேசுகின்றன. துறைக்குள் இருப்பவர்களின் தலைவலியோ பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது. இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று தொடும் மெல்லிய எல்லையில், சில பத்து நானோமீட்டர் தடிமனுக்குள் நடப்பதுதான் ஒரு மின்கலம் பத்தாண்டு உழைக்குமா, பத்து மாதத்தில் படுத்துவிடுமா என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. அதை விளங்கிக்கொண்டால், இத்துறையின் முன்னேற்றங்கள் ஏன் இவ்வளவு நிதானமாக வருகின்றன என்பதும் விளங்கும்.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். ஒரு பொருள் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும் இயல்புடையதாகவும், மற்றொன்று அதை ஏற்றுக்கொள்ளும் இயல்புடையதாகவும் இருக்கும்போது, இரண்டும் நேரடியாகக் கலந்தால் வினை நடந்து முடிந்து வெப்பம் மட்டுமே மிஞ்சும். இரும்பு துருப்பிடிப்பதிலும் எலக்ட்ரான்கள் இடம் மாறத்தான் செய்கின்றன. ஆனால் அவை அந்த இரும்புக்குள்ளேயே ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய்விடுவதால் நமக்கு அதில் பயன் இல்லை. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1953-இல் தொடங்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், மின்கலங்களையும் துருப்பிடித்தலையும் ஒரே கூரையின் கீழ் ஆராய்ந்து வருவதற்குக் காரணம் இந்த உறவுதான். வினையில் ஈடுபடும் இரு பொருள்களையும் பிரித்து வைத்து, எலக்ட்ரான் வெளியே கம்பி வழியாக மட்டும் போகவும், அயனி உள்ளே ஓர் ஊடகத்தின் வழியாக மட்டும் போகவும் வழி செய்துவிட்டால் அதுவே மின்கலம். எலக்ட்ரானை வெளியே அனுப்பும் பக்கம் எதிர்முனை, அதை வாங்கிக்கொள்ளும் பக்கம் நேர்முனை, அயனியை விட்டு எலக்ட்ரானைத் தடுக்கும் ஊடகம் மின்பகுளி. இரு முனைகளும் ஒன்றையொன்று தொடாதபடி நடுவே நுண்துளைகள் கொண்ட மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்றும் இருக்கும். அதைப் பிரிப்பான் என்று அழைக்கலாம்.

வோல்டா 1800-இல் உலோகத் தகடுகளை உப்புநீரில் நனைத்த அட்டைகளோடு மாற்றி மாற்றி அடுக்கி முதல் மின்கல அடுக்கைச் செய்தார். மீண்டும் மின்னேற்றிப் பயன்படுத்தக்கூடிய ஈய-அமில மின்கலத்தை 1859-இல் பிரான்சின் கஸ்தோன் பிளாந்தே உருவாக்கினார். அதன் வழித்தோன்றல்தான் இன்றும் நம் வீடுகளில் இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் கனமாக உட்கார்ந்திருக்கிறது. ஈயம் ஏன் இவ்வளவு கனக்கிறது என்பதற்கு விடை அணு எடையில் இருக்கிறது. 207 அலகு எடையுள்ள ஓர் ஈய அணு இரண்டு எலக்ட்ரான்களைத் தருகிறது. அதாவது ஒரு எலக்ட்ரானுக்கு ஏறத்தாழ 104 அலகு எடையைச் சுமக்க வேண்டியிருக்கிறது. லித்தியத்திலோ 7 அலகு எடைக்கு ஒரு எலக்ட்ரான் கிடைத்துவிடுகிறது. போதாக்குறைக்கு, எலக்ட்ரானை விட்டுக்கொடுப்பதில் லித்தியத்துக்கு இணையான உலோகம் இல்லை என்பதால் மின்னழுத்தமும் கூடுகிறது. ஈய-அமில மின்கலம் கிலோவுக்கு 30 முதல் 40 வாட்-மணி தரும் இடத்தில், இன்றைய லித்தியம்-அயனி மின்கலங்கள் 150 முதல் 300 வரை தருவதற்கு அடிப்படை இதுவே.

அவ்வளவு எளிதில் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும் உலோகம், அதே எளிமையோடு தான் தொடுகிற எல்லாவற்றோடும் வினைபுரியும். 1970-களில் எக்ஸான் நிறுவனத்தில் ஸ்டான்லி விட்டிங்காம், டைட்டானியம் டைசல்பைடின் அடுக்குகளுக்கு இடையில் லித்தியம் அயனிகள் நுழைந்து வெளியேற முடியும் என்று காட்டினார். அந்தப் பக்கம் நன்றாகவே வேலை செய்தது. சிக்கல் மறுமுனையில் இருந்த தூய லித்தியத்தில் எழுந்தது. ஒவ்வொரு முறை மின்னேற்றும்போதும் உலோகம் சீராகப் படியாமல் மெல்லிய இழைகளாக முளைத்து, நாளடைவில் பிரிப்பானைத் துளைத்துக்கொண்டு மறுமுனையைத் தொட்டது. உள்ளேயே குறுக்குச்சுற்று ஏற்பட்டால் தீதான். லித்தியம் உலோகத்தை வைத்துச் சந்தைக்கு வந்த கனடாவின் மோலி எனர்ஜி நிறுவனம் 1989-இல் தன் மின்கலங்களைத் திரும்பப் பெற நேர்ந்ததும் தீ விபத்துகளால்தான்.

தப்பிக்க ஒரு வழி இரண்டு கட்டங்களில் திறந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குடினஃப் 1980-இல், லித்தியம் கோபால்ட் ஆக்சைடை நேர்முனையாக வைத்தால் 4 வோல்ட் வரை கிடைக்கும் என்று காட்டினார். இந்தப் பொருளுக்குள் லித்தியம் ஏற்கெனவே இருப்பதால், எதிர்முனையில் லித்தியம் உலோகத்தை வைக்க வேண்டிய கட்டாயம் இல்லாமல் போயிற்று. ஜப்பானின் அகிரா யோஷினோ 1985-இல் அந்த வாய்ப்பைப் பற்றிக்கொண்டு எதிர்முனையில் பெட்ரோலியக் கோக் என்னும் கார்பனை வைத்தார். இப்போது கலத்துக்குள் எங்குமே உலோக லித்தியம் இல்லை. இரு பக்கமும் அயனிகள் புகுந்து தங்கி வெளியேறும் இடங்கள் மட்டுமே இருந்தன. 1991-இல் சோனி நிறுவனம் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இம்மூவருக்கும் 2019-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தபோது குடினஃபுக்கு வயது 97. அவர் சார்பில் நோபல் உரையை ஆற்றியவர், தமிழ்நாட்டில் பிறந்து மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் பயின்று, பின்னர் அவரோடு பல்லாண்டு பணியாற்றிய ஆறுமுகம் மந்திரம்.

எதிர்முனைக்குக் கார்பனிலேயே மிகப் பொருத்தமானது கிராஃபைட் என்பது முன்பே தெரிந்திருந்தது. ஆனாலும் முதல் விற்பனைக் கலங்களில் அது இடம்பெறவில்லை. அன்று மின்பகுளியில் வழக்கிலிருந்த புரொப்பிலீன் கார்பனேட் என்னும் கரைப்பானில் கிராஃபைட்டை வைத்து மின்னேற்றினால், கரைப்பான் மூலக்கூறுகளும் அயனியோடு சேர்ந்து அடுக்குகளுக்குள் புகுந்து கிராஃபைட்டை ஏடு ஏடாக உரித்துவிடும். அதே குடும்பத்தைச் சேர்ந்த எத்திலீன் கார்பனேட்டில் ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரே ஒரு மெத்தில் குழு குறைவு. அதில் கிராஃபைட் உரிவதே இல்லை. தனியாக வைத்தால் அறை வெப்பநிலையில் கெட்டியாக உறைந்திருக்கும் பொருள் அது என்பதால், நீர்த்த வேறு கரைப்பான்களோடு கலந்தே அதைப் பயன்படுத்த வேண்டியிருந்தது. அந்த ஒரு மெத்தில் குழு ஏன் இவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது என்ற கேள்விதான் நம்மை எல்லைப் பரப்புக்கு அழைத்துச் செல்கிறது.

முழுதாக மின்னேற்றிய கிராஃபைட், தூய லித்தியத்தைவிட 0.1 வோல்ட் மட்டுமே விலகி நிற்கிறது. ஏறத்தாழ அதே அளவு ஆக்ரோஷமாக எலக்ட்ரானைத் தள்ளக்கூடியது. அந்த அழுத்தத்தைத் தாங்கும் கரைப்பான் எதுவும் நடைமுறையில் நம்மிடம் இல்லை. எனவே மின்பகுளி கிராஃபைட்டைத் தொட்ட இடத்தில் சிதைகிறது. நல்லூழாக, எத்திலீன் கார்பனேட் சிதையும்போது உண்டாகும் பொருள்கள் கரைந்து போகாமல் அந்தப் பரப்பிலேயே படிந்து, காய்ச்சிய பாலின் மேல் ஆடை கட்டுவதைப் போல ஒரு படலமாகின்றன. சில பத்து நானோமீட்டர் தடிமனுள்ள இந்தப் படலம் எலக்ட்ரானைத் தடுக்கும், ஆனால் லித்தியம் அயனியை விடும். எலக்ட்ரான் வெளியே வர முடியாததால் மேற்கொண்டு சிதைவதும் பெருமளவு நின்றுபோகிறது. இஸ்ரேலைச் சேர்ந்த இமானுவேல் பெலெட் 1979-இல் இதற்குத் திண்ம மின்பகுளி இடைப்படலம் என்ற பொருளில் ஒரு பெயரிட்டார். நாம் இடைப்படலம் என்றே சொல்லிக்கொள்வோம். வடிவமைத்துச் செய்த பாகங்கள் நிறைந்த ஒரு கருவியில், மிக முக்கியமான பாகம் தானாக உருவாகிக்கொள்கிறது என்பது எனக்கு எப்போதும் சற்று விசித்திரமாகவே படும்.

இந்தப் படலத்துக்கு விலை உண்டு. அதைக் கட்டுவதற்கான லித்தியம், நேர்முனையிலிருந்து வந்த அந்த அளவான கையிருப்பிலிருந்தே போகிறது. முதல் மின்னேற்றத்திலேயே 5 முதல் 10 விழுக்காடு வரை இப்படிச் செலவாகிவிடும். ஆலைகளில் புதிய கலங்களை மிக மெதுவாக முதல் மின்னேற்றம் செய்து, பிறகு பல நாள் வைத்திருந்து சோதிப்பது இந்தப் படலம் சீராக அமைவதற்காகத்தான். அதன் பிறகும் அது முற்றிலும் அடங்கிவிடுவதில்லை. கிராஃபைட் அயனிகளை ஏற்கும்போது ஏறத்தாழ 10 விழுக்காடு விரிந்து, விடும்போது சுருங்குகிறது. படலத்தில் நுண்விரிசல்கள் விழுகின்றன. விரிசலில் புதிய பரப்பு தெரிகிறது. அங்கே மீண்டும் சிறிது மின்பகுளி சிதைந்து, சிறிது லித்தியம் சிக்கிக்கொள்கிறது. ஒருமுறை மின்னேற்றி இறக்கும் ஒரு சுற்றுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு லித்தியம் இப்படிப் போனால் என்ன ஆகும் என்று பாருங்கள். 0.999-ஐ ஆயிரம் முறை பெருக்கினால் 0.37 வருகிறது, ஆயிரம் சுற்றுகளுக்குப் பின் மிஞ்சுவது 37 விழுக்காடு மட்டுமே. பத்தாயிரத்தில் ஒரு பங்கு மட்டும் போனால் 90 விழுக்காடு மிஞ்சும். முதலாவது குப்பைக்குப் போகும் பேட்டரி, இரண்டாவது வண்டியில் வைக்கத் தகுந்த பேட்டரி. இடையில் இருப்பது தசமப் புள்ளிக்குப் பின் ஒரே ஒரு ஒன்பது.

வெப்பம் இந்தச் சிதைவை முடுக்கிவிடுகிறது. இத்தகைய பக்கவினைகள் பத்து டிகிரிக்கு ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது வேதியியலில் பொதுவாகச் சொல்லப்படும் ஒரு கணக்கு. கோடையில் 40 டிகிரியைத் தொடும் ஊர்களில் வெயிலில் நிறுத்திய மின்ஸ்கூட்டரின் பேட்டரி, ஓடாமல் நின்றிருக்கும்போதும் முதுமையடைந்துகொண்டுதான் இருக்கிறது. அதுவும் நூறு விழுக்காடு மின்னேற்றிய நிலையில் நிறுத்தியிருந்தால் இன்னும் வேகமாக. பழைய கைபேசியின் பின்மூடி உப்பிக்கொள்வதும் சிதைவின்போது எழும் வாயுவால்தான். விரைவு மின்னேற்றத்துக்கும் இங்கேதான் வரம்பு விழுகிறது. அயனிகள் அடுக்குகளுக்குள் புகும் வேகத்தைவிட வேகமாக வந்து குவிந்தால், அந்த 0.1 வோல்ட் இடைவெளி மறைந்து, லித்தியம் உள்ளே போகாமல் பரப்பின் மேலேயே உலோகமாகப் படிந்துவிடுகிறது. எக்ஸான் காலத்து இழைகள் மீண்டும் தலைகாட்டும். குளிரில் அயனிகள் மந்தமாகிவிடுவதால் அங்கே இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

நேர்முனையின் பக்கம் பேச்சு வேறு. அங்கே முதல் கவலை கோபால்ட். உலகில் தோண்டியெடுக்கப்படும் கோபால்ட்டில் ஏறத்தாழ 70 விழுக்காடு காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது; அங்குள்ள சிறு சுரங்கங்களில் குழந்தைகளும் வேலை செய்கிறார்கள் என்பது பலமுறை பதிவாகியிருக்கிறது. கோபால்ட்டைக் குறைத்து நிக்கலைக் கூட்டினால் ஆற்றலும் கூடுகிறது, ஆனால் நிக்கல் மிகுந்த ஆக்சைடுகள் சூடேறும்போது தம்மிடமுள்ள ஆக்சிஜனை வெளியே விட்டுவிடுகின்றன. எங்கோ ஒரு குறுக்குச்சுற்றால் வெப்பம் ஏறினால், 100 டிகிரியை ஒட்டி எதிர்முனையின் இடைப்படலம் சிதைந்து மேலும் வெப்பத்தைத் தரும். 130 டிகிரியளவில் பிரிப்பானின் பாலிஎத்திலீன் உருகும். 200 டிகிரியை ஒட்டி ஆக்சிஜன் வெளிவரும். தீக்கு வேண்டிய எரிபொருளும் ஆக்சிஜனும் வெப்பமும் ஒரே உறைக்குள் இருப்பதால், வெளியிலிருந்து காற்றைத் தடுத்து இந்தத் தீயை அடக்க முடிவதில்லை. தண்ணீரைக் கொட்டிக் குளிர்விப்பதே வழி.

இதற்கு மாற்றாக வந்ததே இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த நேர்முனை. இரும்பு மலிவானது, எங்கும் கிடைப்பது. ஆனால் சாதாரண இரும்பு ஆக்சைடுகளில் கிடைக்கும் மின்னழுத்தம் 2.5 வோல்ட்டைத் தாண்டாது. 1980-களின் இறுதியில் மந்திரமும் குடினஃபும், ஆக்சிஜனைத் தனியாக விடாமல் சல்பேட் போன்ற தொகுதிகளாகக் கட்டிவைத்தால் அதே இரும்பு 3.6 வோல்ட் தரும் என்று கண்டார்கள். கந்தகம் ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொள்வதால், இரும்பு-ஆக்சிஜன் பிணைப்பு தளர்ந்து ஆற்றல் நிலை மாறுவதே காரணம். அந்த வழியில் 1997-இல் குடினஃபின் குழு வெளியிட்ட லித்தியம் இரும்பு பாஸ்பேட், ஆற்றலில் நிக்கல் வகைக்குக் குறைந்தது. ஆனால் பாஸ்பரஸ் பிடித்திருக்கும் ஆக்சிஜன் எளிதில் வெளியேறாது என்பதால் பாதுகாப்பில் மிஞ்சி நின்றது. முதலில் மின்கடத்தும் திறன் மிகக் குறைவு என்று ஒதுக்கப்பட்ட இந்தப் பொருள், துகள்களை நானோ அளவுக்குச் சிறிதாக்கி ஒவ்வொன்றின் மீதும் கார்பன் பூசியதும் உயிர்பெற்றது. 2024-இல் உலகில் விற்ற மின்வண்டி பேட்டரிகளில் ஏறத்தாழ பாதி இந்த வகைதான். வெப்ப நாடுகளுக்கு இது ஏற்றது என்பது என் கருத்து. கூடுதல் கிலோமீட்டருக்காக நிக்கலைத் தேடுவது எல்லா வண்டிக்கும் அவசியமில்லை.

இனி வரப்போவதாகச் சொல்லப்படுபவற்றுக்கு வருவோம். கிராஃபைட்டில் ஒரு லித்தியத்துக்கு இடம் கொடுக்க ஆறு கார்பன் அணுக்கள் தேவை. சிலிக்கானிலோ நான்கு அணுக்கள் பதினைந்து லித்தியத்தை ஏற்கும். கிராமுக்கு 372 மில்லிஆம்பியர்-மணி என்பது 3500-ஐத் தாண்டிவிடும். ஆனால் அவ்வளவையும் ஏற்கும்போது சிலிக்கான் ஏறத்தாழ நான்கு மடங்கு பருமனுக்கு ஊதுகிறது. பத்து விழுக்காடு விரிவுக்கே விரிசல் விட்ட இடைப்படலம் இதை எப்படித் தாங்கும்? ஒவ்வொரு சுற்றிலும் அது கிழிந்து, புதிதாகக் கட்டப்பட்டு, லித்தியத்தைத் தின்றுகொண்டே போகும். அதனால்தான் இன்று விற்பனையிலுள்ள கலங்கள் பெரும்பாலும் கிராஃபைட்டோடு சிறு அளவு சிலிக்கானையோ அதன் ஆக்சைடையோ மட்டும் கலக்கின்றன.

திண்மநிலை மின்கலம் என்பது இன்னும் துணிச்சலான யோசனை. எரியக்கூடிய திரவத்தை அகற்றிவிட்டு, அயனியைக் கடத்தும் பீங்கானை நடுவில் வைத்தால், லித்தியம் உலோகத்தையே மீண்டும் எதிர்முனையாக்கலாம் என்பது எதிர்பார்ப்பு. இதில் ஒரு முக்கியமான படியை 2007-இல் இராமசாமி முருகனும் வெங்கடராமன் தங்கதுரையும் ஜெர்மனியின் வெர்னர் வெப்னரும் எடுத்துவைத்தார்கள். லித்தியம், லாந்தனம், சிர்க்கோனியம், ஆக்சிஜன் சேர்ந்த கார்னெட் வகைப் பீங்கான் அறை வெப்பநிலையிலேயே அயனியை நன்கு கடத்தும் என்றும், லித்தியத்தைத் தொட்டாலும் நிலைத்து நிற்கும் என்றும் அவர்கள் காட்டினார்கள். முருகன் பின்னர் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலிருந்து இப்பொருளைத் தொடர்ந்து ஆராய்ந்தவர். அதன் பிறகு ஜப்பானியக் குழுக்கள் கண்ட சல்பைடு வகைப் பொருள்களின் கடத்துதிறன் திரவத்துக்கே சமமாக உயர்ந்தது. அயனி கடத்தல் என்ற கேள்வி ஏறத்தாழத் தீர்ந்துவிட்டது என்றே சொல்லலாம். தீராமல் நிற்பது எல்லைதான். திரவம் தானாகவே எல்லா மேடுபள்ளங்களிலும் பரவி நிற்கும். பீங்கானோ உலோகத்தை அங்கங்கே புள்ளிகளில் மட்டும் தொடும். மின்னிறக்கத்தின்போது லித்தியம் வெளியேறிய இடத்தில் வெற்றிடம் விழுந்து தொடர்பு அறுந்துபோவதால், கலத்தை வெளியிலிருந்து அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது. லித்தியம் மிக மென்மையான உலோகம், பீங்கான் கடினமானது, எனவே இழைகள் துளைக்காது என்று எண்ணியதும் பொய்த்தது. பீங்கானின் நுண்விரிசல்களிலும் படிக மணிகளுக்கு இடைப்பட்ட ஓரங்களிலும் லித்தியம் நுழைந்து வளர்கிறது. கார்னெட்டைக் காற்றில் சிறிது நேரம் வைத்தாலே ஈரமும் கரியமிலவாயுவும் சேர்ந்து அதன் மேல் லித்தியம் கார்பனேட் தோலை உண்டாக்கிவிடும் என்பது கூடுதல் தொல்லை.

சோடியம்-அயனி மின்கலம் இவற்றைப் போன்ற பாய்ச்சல் அல்ல. அடக்கமான ஒரு மாற்று. பூமியின் மேலோட்டில் 2 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் சோடியம் அணுவுக்கு அணு லித்தியத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் கனமானது. கிராஃபைட்டுக்குள் சரியாகப் புகாததால் கடினக் கார்பன் என்னும் ஒழுங்கற்ற அமைப்புள்ள கார்பன் வேண்டியிருக்கிறது. ஆனால் அலுமினியத்தோடு அது கலப்பதில்லை என்பதால் எதிர்முனையிலும் செம்புத் தகட்டுக்குப் பதில் அலுமினியத் தகட்டையே வைத்துச் செலவைக் குறைக்கலாம். குளிரிலும் நன்றாக உழைக்கும். லித்தியம் விலை ஏறும்போதெல்லாம் இதன் பேச்சு எழுவதும், விலை சரிந்ததும் அடங்குவதும் வழக்கமாகிவிட்டது. நகராத இடங்களில், சூரிய மின்சாரத்தை இரவுக்குச் சேமிக்கும் நிலையங்களில், எடை பொருட்டல்ல என்பதால் அங்கே இதற்கு இடம் உண்டு. அதே தேவைக்கு ஆஸ்திரேலியாவில் மரியா ஸ்கைலாஸ்-கசாகோஸ் 1980-களில் உருவாக்கிய வனேடியம் பாய்வு மின்கலமும் இருக்கிறது. தொட்டிகளில் நிற்கும் திரவமே அங்கே ஆற்றலைச் சுமக்கிறது. இரு பக்கமும் ஒரே தனிமம் என்பதால், கொஞ்சம் கசிந்து கலந்தாலும் திரவம் நிரந்தரமாகக் கெட்டுவிடாது.

புதிய மின்கலம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டதாகச் செய்தி வரும்போது, அது எந்த அளவுக் கலத்தில் சோதிக்கப்பட்டது என்பதைத் தேடிப் பார்ப்பது நல்லது. ஆய்வகங்களில் பெரும்பாலும் கைக்கடிகாரத்தில் போடும் வில்லையின் அளவுள்ள கலத்தைச் செய்து, ஒரு பக்கம் புதிய பொருளையும் மறுபக்கம் தடித்த லித்தியம் தகட்டையும் வைப்பார்கள். அரை மில்லிமீட்டர் தகட்டில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 100 மில்லிஆம்பியர்-மணி லித்தியம் இருக்கும். எதிரே உள்ள பொருளுக்குத் தேவைப்படுவதோ வணிகக் கலத்தின் அளவில் செய்தாலும் 4 தான். சுற்றுக்கு ஒரு விழுக்காடு லித்தியம் எல்லையில் வீணானாலும், அந்த உபரி இரண்டாயிரம் சுற்றுகளுக்கு மேல் அதை மறைத்துவிடும். அதே பொருளை உபரி இல்லாமல், ஆலையில் கட்டுவதைப் போல அளவான லித்தியத்தோடு கட்டினால், நூறாவது சுற்றில் மிஞ்சுவது 37 விழுக்காடு.